பின் ஸீட்டிலிருந்து

கார் விமர்சனம் எழுதுகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? புது மாடல் வந்தால் உடனே ஒரு மலைக்குக் கிளம்பிவிடுவார்கள். வடக்கே என்றால் லோனாவாலா, நம்ம பக்கம் என்றால் ஊட்டி அல்லது கொடைக்கானல். பனி முழுசாக விலகாத காலையில், கொண்டை ஊசி வளைவில் முன் சக்கரத்தைத் திருப்பி வைத்து ஒரு போட்டோ. கூடவே ஸ்டியரிங் எப்படிப் பேசுகிறது, சஸ்பென்ஷன் எப்படி நம்பிக்கை தருகிறது என்று இரண்டு பக்கம். அந்தப் போட்டோவை அடுத்த முறை கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பின் ஸீட்டில் ஒருத்தரும் இருக்கமாட்டார்கள்.

இப்படி நாலைந்து விமர்சனம் படித்துத்தான் நானும் ஒரு ஹேட்ச்பேக் வாங்கினேன். சின்ன கார், சுறுசுறுப்பான எஞ்சின், முறைத்துப் பார்க்கிற முகப்பு விளக்குகள், சிவப்பு நிறம். பெயர் வேண்டாம். பாராட்டினால் விளம்பரம் என்பார்கள், திட்டினால் வக்கீல் நோட்டீஸ் வரும். இந்த ரகத்தில் எது உங்களுக்குத் தோன்றுகிறதோ அதுவே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு வருஷம் ஓட்டினேன். சந்தோஷமாக ஓட்டினேன் என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மதுரையிலிருந்து வத்தலக்குண்டு தாண்டி, காட் ரோடு பிரிவில் வலது பக்கம் திரும்பினதுமே கைக்கு ஒரு அரிப்பு வந்துவிடும். இரண்டாவது கியர், மூன்றாவது, மறுபடி இரண்டாவது. டம்டம் பாறைக்குள் நாலு பஸ்ஸையாவது ஓவர்டேக் செய்யாவிட்டால் அன்றைக்கு ஏதோ குறை. டன்னுக்கும் குறைவான எடை, எண்பது குதிரைச் சக்தி, வளைவில் சக்கரம் எங்கே இருக்கிறது என்று உள்ளங்கைக்குத் தெரியும். ஊத்து, பெருமாள்மலை எல்லாம் எப்போது வந்தது என்றே தெரியாது. ஏறக்குறைய ஏழாயிரம் அடி உயரத்தை ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாக முடித்துவிட்டு ஏரிக்கரையில் இறங்கி, 'சே, அதுக்குள்ள வந்துட்டமே' என்பேன்.

மற்றவர்கள் யாரும் அப்படிச் சொன்னதில்லை. மனைவி எதுவும் பேசாமல் இறங்கி ஒரு மரத்தடியில் நிற்பாள். பையன் முகம் வெளுத்திருக்கும். அம்மா முந்தானையில் முடிந்த எலுமிச்சம்பழத்தை மோந்து பார்த்துக்கொண்டு காரிலேயே உட்கார்ந்திருப்பாள். அவோமின் மாத்திரை, இஞ்சி மரப்பா, பாலிதீன் பை என்று எங்கள் வீட்டில் கொடைக்கானலுக்கு என்றே ஒரு டப்பா தயாராக இருந்தது. மலை என்றால் அப்படித்தான் என்று நானும் சொல்லி வைத்திருந்தேன்.

பையனுக்கு மொட்டை போடுவதற்காக ஒரு தை மாதம் கொடைக்கானலில் இரண்டு நாள் தங்கிவிட்டு, வடகவுஞ்சி, சவரிக்காடு வழியாகப் பழனிக்கு இறங்கினோம். அறுபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். வத்தலக்குண்டு சாலையைவிடக் குறுகல், கூட்டமும் குறைவு. கடைசி வளைவுகளில் பாலாறு பொருந்தலாறு அணை பளபளவென்று தெரியும். அன்றைக்கு நான் அணையைப் பார்க்கவில்லை, ரோட்டைத்தான் பார்த்தேன். அம்மா இரண்டையும் பார்க்கவில்லை. மூன்று தடவை நிறுத்தச் சொன்னாள். நாலாவது தடவை சொல்லவே இல்லை, கண்ணை மூடிக்கொண்டு விட்டாள்.

மொட்டை, காது குத்து, வின்ச்சில் ஏறித் தரிசனம் எல்லாம் நன்றாகவே முடிந்தது. பஞ்சாமிர்த டப்பாவோடு காருக்கு வந்தபோது அம்மா சொன்னாள்: "நான் பஸ்ஸுலயே வந்துர்றேன்ப்பா. நீங்க மெதுவா வாங்க."

பழனியிலிருந்து மதுரைக்கு மலையே கிடையாது. ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், நேர் ரோடு. அதற்கே வரமாட்டேன் என்கிறாள். ஏஸி போட்ட, மகனே ஓட்டுகிற காரை விட்டுவிட்டு, ஜன்னல் சட்டம் கடகடக்கிற அரசு பஸ்ஸில் எழுபத்திரண்டு வயதில் இடது பக்கம் ஓர் இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டாள். எனக்குக் கோபம்தான் வந்தது. வழியெல்லாம் அந்த பஸ்ஸுக்குப் பின்னாலேயே வந்தேன்.

அதற்கப்புறம்தான் ஆறு வருஷத்தில் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியை ஓட்டச் சொல்லிவிட்டு, அதே காட் ரோட்டில் பின் ஸீட்டில் உட்கார்ந்தேன்.

என் எதிரே ஒரு கறுப்புச் சுவர். முன் ஸீட்டின் முதுகும் அதன் தலையணையும் சேர்ந்து ரோட்டை முழுசாக மறைத்துவிட்டன. பக்கத்து ஜன்னலின் அடிக்கோடு பின்னால் போகப் போக மேலே ஏறுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் அதுதான் 'ஸ்போர்ட்டி'. உள்ளேயிருந்து பார்த்தால் தோள் உயரத்துக்குத் தகரம், அதற்கு மேல் ஒரு முக்கோண வானம். தொடைக்கு அடியில் ஸீட் பாதியோடு முடிந்துவிடுகிறது, முழங்கால் தூக்கிக்கொள்கிறது. பின்னால் ஏஸி துவாரம் இல்லை. டிரைவருக்கு 'நம்பிக்கை' தருகிற அதே இறுக்கமான ஸ்பிரிங் பின்னால் இருப்பவருக்குக் குத்து விடுகிறது. மனைவி என்னைவிடப் பாதி வேகத்தில்தான் ஓட்டினாள். ஐந்தாவது வளைவில், "கொஞ்சம் நிறுத்தும்மா" என்றேன். அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. காதின் உள்ளே திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன, உடம்பு திரும்புவதை மூளைக்குச் சொல்ல. கூடவே சாய்வையும் வேக மாற்றத்தையும் உணரத் தனி உறுப்புகள். அவை 'திரும்புகிறோம்' என்கின்றன. கண்ணோ எதிரே அசையாத ஸீட் முதுகைப் பார்த்து 'சும்மாதான் இருக்கிறோம்' என்கிறது. இரண்டு சாட்சியும் முரண்பட்டால் மூளை குழம்பி வயிற்றின் மேல் தீர்ப்பு சொல்லிவிடுகிறது. டிரைவருக்கு இது பெரும்பாலும் வருவதில்லை. அவன் ரோட்டைப் பார்க்கிறான், அதைவிட முக்கியம், அடுத்த நொடி எந்தப் பக்கம் திரும்பப்போகிறோம் என்று அவனுக்கு முன்கூட்டியே தெரியும்.

ஒரு சின்னக் கணக்கும் போட்டுப் பார்த்தேன். இருபது மீட்டர் ஆரமுள்ள வளைவு என்று வையுங்கள். இருபது கிலோமீட்டர் வேகத்தில் போனால் அறுபது கிலோ எடையுள்ள ஒருவரைப் பக்கவாட்டில் ஒன்பது கிலோ அளவுக்குத் தள்ளும். முப்பத்தாறில் போனால் முப்பது கிலோ. வேகம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, தள்ளுமுள்ளு மூன்று மடங்குக்கு மேல். எனக்குப் பிடித்துக்கொள்ள ஸ்டியரிங் இருந்தது. அம்மாவுக்கு எலுமிச்சம்பழம். பஸ்ஸில் உயரமான ஸீட், பெரிய ஜன்னல், நிதானமான வேகம். அவள் தேர்வில் என்ன தப்பு?

பழைய கொடைக்கானலை இங்கே நினைக்கத் தோன்றுகிறது. 1845-இல் அமெரிக்கப் பாதிரிமார்கள் அங்கே முதல் பங்களாக்களைக் கட்டினபோது கார் ரோடு ஏது? அது 1910-களில் வந்ததுதான். அதற்கு முன் பெரியகுளம் பக்கம் கிருஷ்ணமநாயக்கன் தோப்பிலிருந்து நாற்காலியிலும் டோலியிலும் ஆட்களை வைத்துத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். சுமந்தவர்களின் பாட்டைத் தனியாகத்தான் பேச வேண்டும், அது வேறு கட்டுரை. ஆனால் அந்த வாகனம் நன்றாக இருந்ததா என்று தீர்ப்புச் சொன்னவர் உட்கார்ந்து போனவர். கார் வந்ததும் தீர்ப்புச் சொல்கிற உரிமை ஓட்டுகிறவனுக்கு மாறிவிட்டது, அவ்வளவுதான்.

சரி, வண்டியை மாற்றுவோம் என்று முடிவாயிற்று. என்ன வாங்குவது?

வெளிநாட்டில் இதற்கென்றே ஒரு ஜாதி உண்டு, ஸ்டேஷன் வேகன். அமெரிக்காவில் ரயில்வே ஸ்டேஷனிலிருந்து ஆட்களையும் பெட்டிகளையும் சேர்த்து ஏற்றிப்போகிற வண்டி என்பதால் அந்தப் பெயர். நியாயமாகப் பார்த்தால் கொடை ரோடு ஸ்டேஷன் வாசலுக்காகவே கண்டுபிடித்த மாதிரி. அங்கே இறங்கி எண்பது கிலோமீட்டர் மலையேற வேண்டும், குடும்பத்தோடு, மூட்டை முடிச்சோடு. ஆனால் நம் ஊரில் இந்த ஜாதி பிழைக்கவே இல்லை. அம்பாஸடரில் எஸ்டேட் மாடல் இருந்தது. ஆஸ்பத்திரிகள் வாங்கின அளவுக்கு வீடுகள் அதை வாங்கின மாதிரி எனக்கு ஞாபகமில்லை. 1992-இல் டாடா எஸ்டேட் வந்தது. அப்புறம் மாருதி பெலினோ ஆல்டுரா, ஃபியட் வீக்கெண்ட், ஓப்பல் கோர்ஸா ஸ்விங், 2004-இல் டாடா இண்டிகோ மெரினா. ஒன்றும் நிற்கவில்லை. பெயரிலாவது அந்த வார்த்தை இருக்கட்டும் என்று பிழைத்துக்கொண்டது மாருதி வேகன்-ஆர் மட்டும்தான், அதுவும் உயரமான ஹேட்ச்பேக்.

காரணம் கேட்டால் எல்லோரும் ஒன்றையே சொல்வார்கள். ஆல்டுரா வாங்கலாமா என்று அந்தக் காலத்தில் நான் கேட்டபோது என் மாமா சொன்னதும் அதுதான்: "பின்னாடி நீளமா இருக்கேப்பா, பாடி எடுத்துட்டுப் போற வண்டி மாதிரி." இந்தியக் குடும்பத்துக்குக் கார் என்பது முதலில் மாப்பிள்ளை ஊர்வலம். அதில் அமரர் ஊர்தியின் சாயல் இருக்கக்கூடாது.

இன்னொரு காரணம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 2006 பட்ஜெட்டில் சின்ன கார்களுக்கு எக்ஸைஸ் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார்கள். சின்ன கார் என்றால் என்ன? நீளம் நாலு மீட்டருக்குள், பெட்ரோல் எஞ்சின் 1200 சிஸிக்குள், டீஸல் என்றால் 1500-க்குள். அன்றிலிருந்து நம் கார்களின் உருவத்தை வரைகிறவர் டிசைனரா, நிதியமைச்சரா என்பதே சந்தேகம். நாலு மீட்டர் கோட்டுக்காக செடான்களின் டிக்கியைக் கத்தரித்து, மூக்கை அமுக்கினார்கள். வேகனுக்கு வாலே உடம்பு. அதை எங்கே கத்தரிப்பது? வரி பெயர் மாறி ஜிஎஸ்டி ஆன பிறகும் கோடு அழியவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் அந்தக் கோட்டுக்குள் இருந்தால் 18 சதவீதம், தாண்டினால் 40. குடும்பம் பெரிதாக இருப்பதற்கு வரி.

ஆக, வேகனுக்குப் பதிலாக நமக்கு வாய்த்தது ஏழு ஸீட் வண்டிகள். 2000-இல் குவாலிஸ் வந்தது, 2005-இல் அது போய் இன்னோவா வந்தது. இவை டூரிஸ்ட் டாக்ஸிக்காரர்கள் தயவில் பிழைத்தன. 2012-இல் வந்த மாருதி எர்டிகாதான் காரின் சாயலோடு, வீட்டுக்காரரே ஓட்டுகிற வண்டியாக இந்த ரகத்தைப் பரப்பியது. 2019-இல் நம்ம ஒரகடத்திலிருந்து ரெனோ ட்ரைபர், நாலு மீட்டர் கோட்டுக்குள்ளேயே ஏழு பேரை உட்காரவைக்கிற வித்தை. இந்த ரகத்தில் ஒன்றுதான் இப்போது என்னிடம் இருக்கிறது. இதற்கும் பெயர் வேண்டாம்.

இனி விமர்சனம், பின்னாலிருந்து முன்னால்.

மூன்றாவது வரிசை: இது ஸீட் இல்லை, விளம்பர வாசகம். வாங்கும்போது ஷோரூமில் ஒரு பையன் அதில் ஏறி உட்கார்ந்து காட்டினான், நன்றாகச் சிரித்தான். அவன் உயரத்தைக் கவனிக்காமல் விட்டது என் தப்பு. பெரியவர் உட்கார்ந்தால் முழங்கால் தாடையைத் தொடும். பின் அச்சுக்கு மேலேயே ஸீட் இருப்பதால் பள்ளத்தில் சக்கரம் விழுந்தால் முதல் செய்தி முதுகெலும்புக்கு. சின்னப் பிள்ளைகளுக்கு, அதுவும் சமதளத்தில், ஒரு மணி நேரம் சரி.

ஏழு பேரும் ஏறிவிட்டால் பெட்டி எங்கே? நிறுவனங்களே கொடுக்கிற கணக்கைப் பாருங்கள். எர்டிகாவில் மூன்று வரிசையும் நிமிர்ந்திருந்தால் பின்னால் 209 லிட்டர் இடம். மடக்கினால் 550. ட்ரைபரில் ஏழு ஸீட்டும் இருந்தால் 84 லிட்டர், கடைசி வரிசையைக் கழற்றி வைத்தால் 625. இந்த ரகத்துக்கு அண்ணன் முறையாக வேண்டிய 2018 ஸ்விஃப்ட் ஹேட்ச்பேக்கிலேயே 268 லிட்டர் உண்டு. அதாவது ஏழு பேர் போகலாம், மாற்றுத் துணி இல்லாமல். கொடைக்கானலிலிருந்து வருகிறவன் வெறுங்கையோடு வருவானா? மலைப்பூண்டு ஒரு மூட்டை, ப்ளம்ஸ், பேரிக்காய், யூகலிப்டஸ் தைலம், வீட்டுச் சாக்லெட், வழியில் ஒரு சீப்பு மலைவாழை. ஆகவே இவற்றை ஏழு ஸீட் வண்டி என்று சொல்வதை நிறுத்திவிட்டு, ஐந்து பேரும் அவர்கள் சாமானும் போகிற வண்டி என்று விற்றால் பொய் குறையும். மூன்றாவது வரிசையை நான் நிரந்தரமாக மடக்கிவிட்டேன். அப்போதுதான் அது உண்மையான ஸ்டேஷன் வேகன் ஆகிறது, மாமா பயந்த அந்த நீளத்தோடு.

நடு வரிசைக்குத்தான் என் முழுப் பாராட்டும். ஸீட் உயரம். அம்மா குனிந்து விழவும் வேண்டாம், ஏறிக் குதிக்கவும் வேண்டாம், இடுப்பை அப்படியே நகர்த்தினால் உட்கார்ந்தாயிற்று. முழங்கால் தேய்ந்த யாரையாவது நீங்கள் காரில் ஏற்றி இறக்கியிருந்தால் இந்த ஒரு வாக்கியத்தின் விலை தெரியும். ஜன்னல் பெரிது, அடிக்கோடு தாழ்வு, முன் ஸீட்டுகளுக்கு நடுவே ரோடு தெரிகிறது. கூரையில் ஏஸி துவாரம். ஸ்பிரிங் கொஞ்சம் இளக்கம். எந்த விமர்சகரும் இதற்கு நட்சத்திரம் கொடுத்து நான் பார்த்ததில்லை.

டிரைவர் ஸீட்: இங்கே இழப்பு உண்டு, மறைக்க விரும்பவில்லை. வண்டி நீளம், திரும்ப அதிக இடம் கேட்கிறது. ஸ்விஃப்டின் திரும்பும் ஆரம் 4.8 மீட்டர், எர்டிகாவுக்கு 5.2. தாளில் நாற்பது சென்டிமீட்டர்தான். கொண்டை ஊசியில் எதிரே லாரி வரும்போது அது ஒரு முழு பயம். டர்போ இல்லாத எஞ்சின் எதுவானாலும் ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய பத்து சதவீதம் பலம் போய்விடும், காற்று மெலிவதால். கொடைக்கானல் போவதற்குள் ஐந்தில் ஒரு பங்கு குதிரைகள் இறங்கிப் போய்விடுகின்றன. ஐந்து பேர், மூட்டைகள், ஏஸி எல்லாம் சேர்ந்தால் வெள்ளி அருவி ஏற்றத்தில் இரண்டாவது கியரே நிரந்தரம். பஸ்ஸை ஓவர்டேக் செய்கிற பேச்சே இல்லை. கை அரிக்கிறது. இன்னும்கூட அரிக்கிறது.

வண்டி மாறினதும் நான் திருந்திவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். முதல் பயணத்தில் பழைய பழக்கத்தில் அதே மாதிரி வளைத்து வளைத்து ஓட்டினேன். உயரமான வண்டி, இளக்கமான ஸ்பிரிங், ஹேட்ச்பேக்கைவிட அதிகமாகச் சாய்ந்து ஆடியது. மூன்றாவது வரிசையில் ஆசையாக ஏறின பையன் பண்ணைக்காடு பிரிவு வருவதற்குள் வாந்தி எடுத்தான். பத்து லட்சத்துக்கு மேல் செலவு செய்து வியாதியை ஒரு வரிசை பின்னால் நகர்த்தியிருக்கிறேன் என்றாள் மனைவி. அதன் பிறகு ஒரு தம்ளரில் முக்கால் தண்ணீர் ஊற்றி அவள் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். சிந்தினால் என் மேல் ஊற்றுவதாக ஒப்பந்தம். இருபது, இருபத்தைந்துக்கு மேல் போக முடியவில்லை. அந்த வேகத்தில்தான் தலையாறு அருவி தெரிந்தது, ஏறக்குறைய ஆயிரம் அடி உயரத்திலிருந்து எலிவால் மாதிரி மெல்லிசாக விழுவது. ஆறு வருஷமாக அந்த இடத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

வேகனுக்கு ஆதரவாக இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது வீட்டுக்கு வெளியே. 2024 மே 7 முதல், உயர் நீதிமன்ற உத்தரவுப்படி கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4000 வண்டி, சனி ஞாயிறில் 6000 என்று எண்ணிக்கையும் வைத்தார்கள். வண்டியைத்தான் எண்ணுகிறார்கள், தலையை இல்லை. நாங்களும் தங்கை வீட்டாரும் முன்பு இரண்டு சின்ன கார்களில் போவோம், ஒவ்வொன்றிலும் மூன்று பேர். இரண்டும் சேர்ந்து தூண் பாறை ரோட்டில் ஒரே நெரிசலில் நிற்கும். கொடைக்கானல் போகிற சிவப்பு ஹேட்ச்பேக்குகளை எண்ணிப் பாருங்கள், எத்தனையில் இரண்டே தலை இருக்கிறது என்று. மலை தாங்குகிற எண்ணிக்கைக்கு ஒரு எல்லை உண்டென்றால், நிரம்பிய ஒரு வண்டி காலியான இரண்டைவிட மேல். இதையும் எந்த விமர்சனத்திலும் நான் படித்ததில்லை.

குறை ஒன்று பாக்கி. ஸ்டெப்னி டயர் வண்டியின் அடிவயிற்றில் தொங்குகிறது. இந்த ரகத்தில் பல வண்டிகளில் அப்படித்தான். பஞ்சர் ஆனால் மழையில், சேற்றில், ரோட்டில் படுத்துக் கழற்ற வேண்டும். இந்த டிசைன் செய்தவரை ஐப்பசி மாதம் ஊத்து பக்கம் ஒரு ராத்திரி கூட்டிப்போய் நிறுத்தவேண்டும்.

ஹேட்ச்பேக்கை வாங்க ஒரு இளைஞர் வந்தார். இருபத்தைந்து, இருபத்தாறு வயசு இருக்கும். டிரைவர் ஸீட்டில் உட்கார்ந்தார், கியரை ஆட்டிப் பார்த்தார், எஞ்சினை உறுமவிட்டார். "கொடைக்கானல் எப்படி சார் ஏறும்?" என்றார். பறக்கும் என்றேன், உண்மையைத்தான் சொன்னேன். பின் கதவைத் திறந்துவிட்டு, "இங்கயும் ஒரு தடவை உட்கார்ந்து பாருங்களேன்" என்றேன். எதற்கு என்பதுபோல் பார்த்துவிட்டு, பேனட்டைத் திறந்து காட்டச் சொன்னார்.

போன மாதம் அம்மாவைப் பழனிக்குக் கூட்டிப்போனோம், கொடைக்கானல் வழியாகவே. நடு வரிசை, இடது ஜன்னல். எலுமிச்சம்பழம் கையில்தான் இருந்தது, ஆனால் சவரிக்காடு தாண்டும்போது அதை மறந்துவிட்டு, தூரத்தில் தெரிந்த அணையைக் காட்டி அது என்ன ஊர்த் தண்ணி என்று கேட்டாள். அடிவாரத்தில் இறங்கினதும் வண்டி எப்படிம்மா என்றேன்.

"பஸ் அளவுக்கு இல்ல. பரவால்ல."